மயில் குஞ்சின் கால்: கட்டுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸில், ஹூஸ்டனுக்கு வெளியே கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். தபாலில் வரவழைத்த ஆறு இந்திய நீல மயில் முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தோம். நான்கு பொரித்தன. ஒன்றரை நாள் ஆகிறது. ஒன்று நன்றாக நடக்கிறது. இன்னொன்றுக்கு இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்துகிடக்கின்றன, எழவே முடியவில்லை. மூன்றாவதற்கு விரல்கள் உள்பக்கம் மடங்கியிருக்கின்றன. நான்காவது நேற்று நடந்தது. பொரிப்புத் தட்டின் ஓட்டையில் கால் மாட்டிக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டோம். இன்று காலையிலிருந்து வலது காலை வெளியே நீட்டியபடி நொண்டுகிறது. விராலிமலையில் இருக்கும் அப்பா, ஈர்க்குச்சி வைத்துக் கட்டு என்கிறார். இங்கே ஒருவர் மூன்றையும் கொன்றுவிடச் சொல்கிறார். என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்:

கொல்ல வேண்டாம். ஈர்க்குச்சியையும் இப்போதைக்குக் கீழே வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்று குஞ்சுகளுக்கும் மூன்று வெவ்வேறு கோளாறுகள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே ‘கால் சரியில்லை’ என்றுதான் தெரியும். ஆனால் முதல் குஞ்சை நடக்கவைக்கும் கட்டு, நொண்டுகிற குஞ்சின் காலைக் கெடுத்துவிடும்.

நான் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் வேலை பார்த்தே தலை நரைத்த கால்நடை மருத்துவன். பண்ணையில் நடக்கமுடியாத குஞ்சுக்கு யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. கட்டுப் போடும் நேரத்துக்கான கூலி குஞ்சின் விலையைவிட அதிகம், ஒதுக்கிவிடுவார்கள். உங்களுக்குக் கொல்லச் சொன்னவரும் அந்தக் கணக்கில் பழகியவராக இருக்கலாம், அவரைக் குறை சொல்லமாட்டேன். நானே இந்தக் கட்டு வேலையைத் தாமதமாகத்தான் கற்றேன். வான்கோழி, கினிக்கோழி வளர்ப்பவர்களிடமும், வனத்துறை ஊழியர்கள் அட்டைப்பெட்டியில் கொண்டுவரும் மயில் குஞ்சுகளிடமும் கற்றது அது.

இதை வாசித்து முடிப்பதற்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். குஞ்சுகள் இப்போது எதன்மேல் நிற்கின்றன? செய்தித்தாள், வழவழப்பான அட்டை, பிளாஸ்டிக் தட்டு, இவற்றில் எது இருந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள். சமையலறை இழுப்பறையில் பாத்திரம் நழுவாமல் இருக்க விரிக்கும் ரப்பர் வலை விரிப்பு உங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கும். அதைப் பெட்டியின் அளவுக்கு வெட்டிப் போட்டு, மேலே சமையலறைக் காகிதத் துண்டை விரியுங்கள். குளியல் துண்டு வேண்டாம். அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும். பிரிந்த நூல் காலைச் சுற்றிக்கொண்டால் ஒரே இரவில் கால் வீங்கிக் கறுத்துவிடும். காட்டில் பெட்டை மயில் முட்புதரடியில் மண்ணைச் சற்றுக் கீறிக் குழிவாக்கிச் சருகின்மேல் முட்டையிடுகிறது. அந்தக் குழிக்குள் குஞ்சின் கால் விரிய வழியே இல்லை. மண்ணில் நகம் ஊன்றும். கண்ணாடி போன்ற தரையை அந்தக் கால்கள் அறியாது. முதல் ஒன்றிரண்டு நாட்களில் தொடைத் தசை உறுதிப்படுவதற்குள் நான்கு முறை வழுக்கினால் ஐந்தாம் முறை எழுந்திருக்காது. நன்றாக நடக்கிற குஞ்சுக்கும் இதே விரிப்புதான்.

அடுத்தது சோதனை. கையைச் சூடாக்கிக்கொண்டு, குஞ்சை இடது உள்ளங்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். கத்தும், ஒரு நிமிடம் பிடித்திருந்தால் அடங்கும். முதலில் தொப்புளைப் பாருங்கள். ஈரமாக, சிவந்து, நாற்றத்தோடு இருந்தால் அது வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவின் பையில் கிருமி ஏறிய குஞ்சு. கால் தளர்ச்சி அதன் விளைவாக இருக்கலாம்; அதற்குக் கட்டு மருந்தல்ல. தொப்புள் காய்ந்து மூடியிருந்தால் கால்களுக்கு வாருங்கள். பறவையின் காலில் பின்பக்கமாக மடங்குவதுபோல் தெரியும் மூட்டைப் பலர் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது கணுக்கால் மூட்டு. உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. நாம் பார்க்கவேண்டிய இடம் இந்தக் கணுக்கால் மூட்டுதான். அதன் பின்புறத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். நல்ல காலில் நடுவே ஒரு பள்ளமும், அந்தப் பள்ளத்தில் இறுக்கமான கயிறு போல் ஒரு தசைநாணும் ஓடுவது தட்டுப்படும். நல்ல குஞ்சின் காலை முதலில் தடவி அந்த உணர்வைப் பழகிக்கொண்டு, பிறகு நோயாளிகளைத் தொடுங்கள். ஒரு நல்ல குஞ்சு உங்களிடம் இருப்பது இந்த விதத்தில் பெரிய உதவி.

இப்போது கால் விரிந்த குஞ்சு. மூன்றில் இதுதான் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், இதுதான் சுலபமாகக் குணமாகும். இரண்டு கால்களிலும் தசைநாண் பள்ளத்தில் சரியாக இருந்து, எலும்பு நேராக இருந்து, நீங்கள் கால்களைக் கையால் உடலுக்கடியில் கொண்டுவந்தால் தடையில்லாமல் வந்தால், இது வெறும் கால் விரிதல். இன்றே கட்டுங்கள். இரண்டு நாட்களுக்குள் கட்டினால் பெரும்பாலான குஞ்சுகள் நடந்துவிடுகின்றன. ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எலும்பும் தசையும் அந்தக் கோணலுக்கே பழகிவிடும், பிறகு எந்தக் கட்டாலும் பயனில்லை.

கட்டுவதற்குத் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் கால்நடைக் கட்டுத்துணி நல்லது. தோலில் ஒட்டாது, பிரிக்கும்போது இறகைப் பிய்க்காது. உங்கள் ஊரில் குதிரைக்குக் கட்டுவதற்கென்று தீவனக் கடையிலேயே விற்பார்கள். கிடைக்கும்வரை காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி போதும். நடுவில் பஞ்சு இருக்கும் பகுதி இரண்டு கால்களுக்கும் இடையே பாலமாக வரும்படி ஒட்ட வேண்டும். கட்டுத்துணி என்றால் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நீளமாக ஒரு பட்டை வெட்டுங்கள். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குஞ்சை மல்லாக்கப் பிடித்து, கால்களை இடுப்புக்கு நேர் கீழே கொண்டுவர வேண்டும். மற்றவர், கணுக்கால் மூட்டுக்குக் கீழே, விரல்களுக்கு மேலே இருக்கும் அந்த மெல்லிய காலில் பட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, மறு காலுக்குப் போய் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி நடுவில் கொண்டுவந்து பட்டையின் மேலேயே ஒட்டிவிட வேண்டும். மேலிருந்து பார்த்தால் கைவிலங்கு போல் இருக்கும். இரண்டு கால்களுக்கும் நடுவே சுமார் இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளி. அளவுகோல் வேண்டாம், நன்றாக நடக்கிற குஞ்சு நிற்கும்போது அதன் கால்களுக்கிடையே உள்ள தூரமே அளவு. ஒட்டவைத்துக் கட்டினால் நிற்கமுடியாமல் விழும். அகலமாகக் கட்டினால் கட்டாததுபோலத்தான்.

இறுக்கத்தில் கவனம் வேண்டும். பட்டைக்கும் காலுக்கும் இடையில் குண்டூசியின் தலை நுழைகிற தளர்ச்சி இருக்கட்டும். அரை மணி கழித்துப் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்; குளிர்ந்தோ, வீங்கியோ, நிறம் மாறியோ இருந்தால் பிரித்துத் தளர்த்துங்கள்.

கட்டியதும் குஞ்சு முன்னால் குப்புற விழும், பின்னால் மல்லாந்துவிடும், ஊர் கேட்கக் கத்தும். மனம் தளர்ந்து அவிழ்த்துவிடுபவர்கள் அதிகம். முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து, விழும்போதெல்லாம் தூக்கி நிறுத்துங்கள். இறக்கையை ஊன்றி எப்படி எழுவது என்பதை அதுவே கண்டுபிடித்துவிடும். மல்லாந்தபடி நெடுநேரம் கிடக்க மட்டும் விடக்கூடாது. நன்றாகச் சோர்ந்துவிட்டால் ஒரு சிறிய காபிக் கோப்பையின் அடியில் காகிதத் துண்டைத் திணித்து, கால்கள் உடலுக்கடியில் வரும்படி அதில் கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதுவும் ஒரு சிகிச்சைதான்.

இங்கேதான் மயில் குஞ்சு கோழிக்குஞ்சிலிருந்து வேறுபடுகிறது. கோழிக்குஞ்சு ஏறக்குறைய வெறும் மயிர்ப்பந்தாகப் பிறக்கிறது. மயில் குஞ்சு பொரிக்கும்போதே இறக்கையில் இறகுக் குருத்துகளோடு வருகிறது; சில நாட்களிலேயே எம்பிப் பறந்து உயரமான இடத்தில் உட்காரப் பார்க்கும். இரவில் மரத்தில் அடையும் இனம் அல்லவா, அந்தப் புத்தி முதல் வாரத்திலேயே விழித்துவிடுகிறது. கால் கட்டிய நிலையில் எம்பி விழுந்தால் இருக்கிற கோளாறோடு எலும்பு முறிவும் சேரும். எனவே கட்டு இருக்கும் வரை பெட்டியில் ஏறுவதற்கு எதுவும் வைக்காதீர்கள். பெட்டிக்கு வலை மூடி போடுங்கள். கட்டு எடுத்த பிறகு அதற்கு நேர்மாறாக, விரல் தடிமனில் ஒரு குச்சியைத் தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் வையுங்கள். அதில் ஏறி இறங்குவதுதான் தொடைக்குப் பயிற்சி.

தினமும் ஒருமுறை கட்டைப் பிரித்து, குஞ்சு என்ன செய்கிறது என்று ஐந்து நிமிடம் பாருங்கள். சிலது இரண்டாம் நாளே நிற்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். இன்னும் விரிந்தால் புதுப் பட்டை, இடைவெளியைச் சற்றே கூட்டி. குஞ்சு தினமும் வளர்கிறது, பழைய கட்டு தோலில் புதைந்துவிடும்.

விரல் மடங்கிய குஞ்சுக்கு வருகிறேன். விரலை உங்கள் நகத்தால் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். எதிர்ப்பில்லாமல் நிமிர்ந்து, விட்டதும் மீண்டும் மடங்கினால் நல்ல செய்தி. முட்டைக்குள் மடங்கிக் கிடந்த கிடப்பு அல்லது இன்குபேட்டரின் சூட்டுக் கோளாறு, இவற்றில் ஒன்றாக இருக்கும். பிஸ்கட் பெட்டியின் அட்டையில் பாதத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு செருப்பு வெட்டுங்கள். அதன்மேல் பாதத்தை வைத்து, முன்விரல் மூன்றையும் விரித்து, பின்விரலைப் பின்னால் நீட்டி, மேலே மைக்ரோபோர் டேப்பை (காயத்துணியை ஒட்டும் மெல்லிய காகித டேப்) ஒட்டி, விரல்களுக்கு இடையில் டேப் அட்டையில் படும்படி அழுத்துங்கள். பனியில் நடப்பவன் போல் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும், சிரிப்பு வரும். ஒன்றிரண்டு நாட்கள் போதும். அட்டை நனைந்தால் மாற்றுங்கள்.

ஆனால் விரல் மடங்குவதில் இன்னொரு வகை இருக்கிறது, அதைச் செருப்பு தீர்க்காது. ரிபோஃப்ளேவின் எனப்படும் பி2 வைட்டமின் குறைந்தால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு வீங்கிச் செயலிழக்கும். குஞ்சு விரல்களை முஷ்டி போல் மடக்கிக்கொண்டு, கணுக்கால் மூட்டையே தரையில் ஊன்றி உட்கார்ந்தபடி நகரும். வழக்கமாக இது இரண்டாம் வாரவாக்கில் தெரியும். தாய் மயிலின் தீவனமே மோசமாக இருந்திருந்தால் முன்பே வரலாம். உங்கள் குஞ்சின் வயதுக்கு இது முதல் சந்தேகம் அல்ல. இருந்தாலும் பி2 கொடுப்பதில் கெடுதல் இல்லை. ஒரு குஞ்சுக்குத் தேவை ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், இரண்டு நாட்களுக்கு. 10 மில்லிகிராம் பி2 உள்ள ஒரு மாத்திரையில் இது போல் நூறு வேளை மருந்து இருக்கிறது. மாத்திரையைப் பொடித்து 100 மில்லி தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு மில்லியை அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டால் கணக்குச் சரி. மிஞ்சியது எச்சத்தோடு வெளியே போய்விடும். ஏ, டி வைட்டமின்கள் அப்படி அல்ல. உடலில் தங்கி நஞ்சாகும். அதனால் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பல வைட்டமின் சொட்டு மருந்தைத் தாராளமாக ஊற்றாதீர்கள். நரம்பு பல நாட்கள் வீங்கியிருந்துவிட்டால் பி2 கொடுத்தாலும் திரும்பாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்காவது குஞ்சு. இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நேற்று நடந்தது, தட்டு ஓட்டையில் மாட்டியது, இன்று ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்கிறீர்கள். கணுக்கால் மூட்டின் பின்புறத்தைத் தடவும்போது பள்ளமில்லாமல் தட்டையாக, மூட்டு கொஞ்சம் வீங்கி, அந்தக் கயிறு ஒரு பக்கமாக எலும்பின் ஓரத்தில் உருண்டால், தசைநாண் விலகிவிட்டது. நம் ஊரில் ‘நரம்பு பிசகிவிட்டது’ என்போம். கிணற்று ராட்டினத்தில் கயிறு சக்கரத்தை விட்டு இறங்கினால் எப்படி? எவ்வளவு இழுத்தாலும் வாளி மேலே வராது, கயிறுதான் தேயும். அதே கதைதான் இங்கேயும். இதற்குக் கைவிலங்குக் கட்டுப் போட்டால் தசைநாண் விலகிய நிலையிலேயே காலை நடக்கவைக்கிறீர்கள். பள்ளத்தின் விளிம்பு தேய்ந்து, பிறகு திரும்பவே முடியாது.

இதைச் செய்யத் தெரிந்த பறவை மருத்துவர் பக்கத்தில் இருந்தால் இன்றே கொண்டுபோங்கள். இல்லையென்றால், சில மணி நேரத்துக்குள் செய்தால் வீட்டிலேயே முயலலாம். வலது கை பழக்கமுள்ளவர் இடது கையில் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, காலைப் பின்பக்கமாக மெல்ல, மிக மெல்ல நீட்டுங்கள். நீட்டும்போது தசைநாண் தளரும். அந்த நொடியில் கட்டைவிரலின் ஓரத்தால் அதைப் பக்கத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளுங்கள். உள்ளே விழும்போது ‘டக்’ என்று விரலுக்குத் தெரியும். காதுக்குக் கேட்காது, விரலுக்குத்தான். உடனே காலை இயல்பாக உட்காரும் நிலைக்கு மடக்கி, சில நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். பிறகு மூட்டைச் சுற்றி மெல்லிய கட்டுப் போட்டு, ஓடியாட இடமில்லாத சிறிய கிண்ணத்தில் காகிதத் துண்டுகளுக்கு நடுவே இரண்டு நாள் உட்காரவையுங்கள். தீவனமும் தண்ணீரும் நீங்கள்தான் அலகுக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதன்முதலாக இதை நான் ஒரு கினிக்கோழிக் குஞ்சுக்குச் செய்தபோது, உள்ளே போன தசைநாண் நான் பெருமையோடு நிமிர்வதற்குள் வெளியே வந்துவிட்டது. மூன்று முறை. நான்காம் முறை தங்கியது, மறுநாள் மீண்டும் நழுவியது. பள்ளம் ஆழமில்லாத குஞ்சுகளில் அப்படித்தான் ஆகும். ஐந்தாறு முறைக்கு மேல் முயன்று மூட்டைப் புண்ணாக்கக்கூடாது என்பது அன்று கற்ற பாடம். அடிபட்டு விலகியது திரும்ப நிற்க வாய்ப்பு உண்டு. மாங்கனீஸ், கோலின், பயோட்டின் போன்ற சத்துகள் தீவனத்தில் குறைந்து, மூட்டே சரியாக உருவாகாமல் விலகியதில் வாய்ப்புக் குறைவு. உங்களுடையது தட்டில் மாட்டியது என்பதால் முதல் வகையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

தசைநாண் பள்ளத்தில்தான் இருக்கிறது, ஆனாலும் மூட்டுக்குக் கீழே கால் திருகியதுபோல் பாதம் வெளியே திரும்பியிருக்கிறது என்றால் எலும்பே முறுக்கிக்கொண்டது என்று பொருள். இதற்கு நல்ல வைத்தியம் என்னிடம் இல்லை. தொட்டால் கரகரவென்று உரசி, நடுக்காலில் வீக்கம் இருந்தால் முறிவு. அதற்குத்தான் உங்கள் அப்பா சொன்ன ஈர்க்குச்சி பொருந்தும். பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் சிறிய ஈர்க்குகளை அணைத்து, மேலே டேப். பறவை எலும்பு விரைவில் கூடும், இரண்டு மூன்று வாரம். ஆக, அப்பா தப்பாகச் சொல்லவில்லை. வேறு நோய்க்கான மருந்தைச் சொல்லியிருக்கிறார்.

வலிக்கும் என்று வீட்டிலிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். டைக்ளோஃபினாக் என்ற ஒரே வலி மருந்து, அது செலுத்தப்பட்ட மாடுகளின் சடலம் வழியாக இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகளை ஏறக்குறைய அழித்தது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடைசெய்தார்கள். மனிதனுக்குச் சாதாரணமானது பறவையின் சிறுநீரகத்துக்குச் சாதாரணமாக இருக்கவேண்டியதில்லை. வலி மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் மருத்துவர் எடை பார்த்து எழுதித் தரவேண்டியவை. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் கட்டை மறந்துவிட்டு அவரிடம் போங்கள், அது கிருமி.

இனி தீவனம். இன்று நன்றாக நடக்கிற குஞ்சு மூன்றாம் வாரத்தில் நொண்டுவது பெரும்பாலும் இதனால்தான். மயில் குஞ்சுக்குக் கோழிக்குஞ்சுத் தீவனம் போதாது. வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரம் 28 சதவீதப் புரதம் வேண்டும் என்பது கணக்கு, கறிக்கோழிக் குஞ்சுக்கு 23. நியாசின் என்ற பி3 வைட்டமின் வான்கோழிக்கு ஒரு கிலோ தீவனத்தில் 60 மில்லிகிராம், கறிக்கோழிக்கு 35. மயில் இந்த விஷயத்தில் வான்கோழியின் பக்கம். உங்கள் ஊர்த் தீவனக் கடையில் வான்கோழி, காடை போன்றவற்றுக்கான தொடக்கத் தீவனம் என்று கேட்டால் தருவார்கள். மூட்டையின் தேதியைப் பாருங்கள். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த தீவனத்தில் வைட்டமின் பெயருக்குத்தான் இருக்கும். முட்டைக்கோழித் தீவனத்தைக் கண்ணில் காட்டாதீர்கள். அதிலுள்ள சுமார் 4 சதவீதச் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு மூன்று வாரத்தில் அலகு ரப்பர் போல் வளைந்தால் டி3 வைட்டமின் குறைவு. காலை வெயிலில் விடுங்கள். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பயன்படாது, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

ரத்தக்கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கலந்த தீவனம் உங்கள் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும். அது கெட்ட மருந்தல்ல. ஆனால் அது வேலை செய்வதே பி1 வைட்டமினைப் போல் வேடமிட்டுக் கிருமியை ஏமாற்றித்தான். பி காம்ப்ளெக்ஸை நாள்தோறும் ஊற்றினால் அந்த வேடம் கலைந்துவிடும். நான் மேலே சொன்ன இரண்டு நாள் மருந்தால் ஒன்றும் ஆகாது, அதற்குமேல் தொடராதீர்கள்.

கால் சரியில்லாத குஞ்சு பெரும்பாலும் கால் கோளாறால் சாவதில்லை; தண்ணீரும் தீவனமும் எட்டாமல் சாகிறது. வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்கும். உங்களுக்கு ஏற்கெனவே ஒன்றரை நாள் போய்விட்டது. மயில் குஞ்சு கோழிக்குஞ்சைப் போலத் தானாகக் கொத்தத் தொடங்குவதில் மந்தம், தாய் தன் அலகில் இரையைப் பிடித்து நீட்டி ஊட்டும் இனம். ஆகவே நீங்கள்தான் தாய். வேகவைத்த முட்டை மஞ்சளைத் தீவனத்தோடு பிசைந்து, விரல் நுனியில் வைத்து அலகுக்கு முன்னால் ஆட்டுங்கள். ஆடுவதைத்தான் கொத்தும். கிராமத்தில் பானையில் சாணமும் வைக்கோலும் போட்டு ஈரப்படுத்திக் கவிழ்த்துவைத்து, மறுநாள் ஏறியிருக்கும் கரையானைக் குஞ்சுகளுக்கு உதறுவார்கள். கால் கட்டிய குஞ்சுகூட அதைப் பார்த்ததும் எழுந்து தத்தும். ஆனால் டெக்சஸில் அந்தப் பானையைத் தோட்டத்தில் வைத்து நெருப்பெறும்பை வரவழைத்துவிடாதீர்கள்; நகரமுடியாத குஞ்சை அது உயிரோடு விடாது. தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் போடுங்கள். கட்டுப் போட்ட குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில் முகம் குப்புற விழுந்து மூழ்கியதைப் பார்த்திருக்கிறேன். புரூடரில், அதாவது விளக்குச் சூட்டில் குஞ்சுகளை வளர்க்கும் பெட்டியில், முதல் வாரம் ஒரு பக்கம் 35 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் குளிர்ச்சி. நடக்கமுடியாத குஞ்சு விளக்கடியிலிருந்து தானாக விலகமுடியாது என்பதால் அதை நடுவில் வையுங்கள். நல்ல குஞ்சு இவற்றின் விரல்களைக் கொத்தும். வலைத்தடுப்புக்கு அப்பால் அதை வையுங்கள், பார்க்கட்டும், கொத்தவேண்டாம்.

நான்கில் மூன்றுக்குக் கால் கோளாறு என்பது தற்செயல் இல்லை. அடுத்த முறை முட்டை வைக்கும்முன் இன்குபேட்டரை நம்பாமல், தனி வெப்பமானி வைத்துப் பாருங்கள். காற்றாடி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி. சூடு கூடினால் நாள் முந்திப் பொரிக்கும், தொப்புள் மூடாது, கால் கோணும். குறைந்தால் நாள் பிந்தும், குஞ்சு எழத் திராணியில்லாமல் வரும். மயிலுக்கு 28 நாள் கணக்கு. ஈரப்பதம் தொடர்ந்து அதிகமாக இருந்தால் முட்டையிலுள்ள நீர் வற்றாமல், ஊதிய வயிற்றோடு குஞ்சு பிறக்கும். அந்த வயிறே கால்களை விலக்கிவைக்கும். 25-ஆம் நாள் முட்டைகளைப் பொரிப்புத் தட்டுக்கு மாற்றும்போதே அந்த ரப்பர் வலையைத் தட்டில் விரித்துவிடுங்கள். உங்கள் நான்காவது குஞ்சின் கால் அப்போது தப்பியிருக்கும். ஓட்டில் முதல் துளை விழுந்த பிறகு முழுதாக வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம். பொறுக்கமுடியாமல் ஓட்டை உரித்து விடாதீர்கள். காலை உதைத்து வெளியே வரும் அந்த முயற்சிதான் அதன் முதல் நடை. இவ்வளவும் சரியாக இருந்தும் அதே இடத்து முட்டைகளில் மீண்டும் விரல் மடங்கினால், அங்குள்ள தாய் மயிலின் தீவனம் அல்லது நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்தல், இரண்டில் ஒன்று. முட்டை வாங்கும் இடத்தை மாற்றுங்கள்.

எப்போது முயற்சியைக் கைவிடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டும். ஒரு வாரம் கட்டியும் காலூன்றாத குஞ்சு, தசைநாண் திரும்பத் திரும்ப நழுவும் குஞ்சு, எலும்பு முறுக்கிய குஞ்சு ஆகியவை இன்று கை நிறையக்கூட இல்லாத எடையில் தத்தித் தத்திச் சமாளிக்கும். ஆண் மயில் வளர்ந்தால் நான்கு முதல் ஆறு கிலோ. அந்த எடையைக் கோணல் கால் தாங்காது. நெஞ்செலும்பு தரையில் தேய்ந்து புண்ணாகும், பாதம் அழுகும். தீவனத்தைத் தேடிப் போகிறதா, எடை ஏறுகிறதா என்று சமையலறைத் தராசில் தினமும் நிறுத்து எழுதிவையுங்கள். இரண்டுமே இல்லாமல் கத்தவும் விட்டுவிட்டது என்றால் மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசியில் அமைதியாக முடித்துவிடுங்கள். தண்ணீரில் அமுக்குவதும் உறைபெட்டியில் வைப்பதும் கொடுமை.

கடைசியாக உங்கள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. விராலிமலையில் மயில் இல்லாத வயல் கிடையாது. அறுப்பின்போது முட்டை கண்ணில்படும், அடைக்கோழியில் வைத்துப் பொரிக்கவைக்கத் தோன்றும், இதே வைத்தியத்தைச் செய்யவும் தோன்றும். அங்கே அது கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. கூட்டிலிருந்து முட்டை எடுப்பதே அந்தச் சட்டத்தின்படி வேட்டைதான். சிறை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டுவரை. முட்டையையோ நொண்டும் குஞ்சையோ கண்டால் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைக்கச் சொல்லுங்கள். அவர்கள் அட்டைப்பெட்டியில் போட்டு என்னைப் போன்ற ஒருவரிடம் கொண்டுவருவார்கள்.

நாளை மாலை நான்காவது குஞ்சின் மூட்டைப் பின்புறத்திலிருந்து, நல்ல வெளிச்சத்தில், இரண்டு கால்களும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து அனுப்புங்கள். கால் விரிந்த குஞ்சின் கட்டை அதற்குள் ஒருமுறை பிரித்துப் பார்த்திருப்பீர்கள். அது எத்தனை நொடி நின்றது என்பதையும் எழுதுங்கள்.